போஸ்ட் போடுவதற்கு முன்: இல்ஃபோர்ட் கடைக்காரருக்கு விளம்பரச் சட்டம்

இல்ஃபோர்ட் லேனில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். ஆனால் அதன் விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்திருக்கும்.

“லண்டனிலேயே மிகக் குறைந்த விலை! 150 பவுண்ட் பட்டுச் சேலை வெறும் 75 பவுண்ட்! இன்று இரவு 12 மணி வரை மட்டும்! வாடிக்கையாளர்களின் 5 ஸ்டார் பாராட்டு! ஷேர் பண்ணுங்கள், தங்கக் காசு வெல்லுங்கள்! விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.”

மேலே ஒரு நடிகையின் படம், பின்னணியில் சினிமாப் பாட்டு. கூடவே ஒரு காணொளி. யூடியூப் பிரபலம் ஒருவர் அதே சேலையைக் கட்டிக்கொண்டு “நானே தேடிப் பிடித்த கடை” என்கிறார். இத்தனையும் 600 பேருக்கு வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. எண்கள் போன வருடக் கலைவிழாவின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை.

கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. சேலை நல்ல சேலை. ஆனாலும் இந்த விளம்பரத்தின் ஒவ்வொரு வரியும் பிரிட்டனின் ஏதோ ஒரு சட்டத்தையோ விதியையோ உரசிக்கொண்டு நிற்கிறது. எப்படி என்று வரிவரியாகப் பார்ப்போம். உங்கள் கடை நகைக்கடையோ டியூஷன் சென்டரோ, கேட்டரிங்கோ பியூட்டி பார்லரோ, கணக்கு ஒன்றுதான்.

“இது என் சொந்தப் பக்கம்தானே?”

முதலில் இந்தத் தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிப்பது 1962-ல் தொடங்கப்பட்ட விளம்பரத் தர ஆணையம். சுருக்கமாக ஏ.எஸ்.ஏ. என்பார்கள். அது பயன்படுத்தும் விதிநூலுக்குக் கேப் கோட் என்று பெயர். முன்பு பத்திரிகை, போஸ்டர், காசு கொடுத்துப் போடும் இணைய விளம்பரம் ஆகியவற்றோடு அதன் எல்லை நின்றது. 2011 மார்ச் 1 முதல் ஒரு வியாபாரம் தன் சொந்த இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கத்திலும் செய்யும் விளம்பரங்களுக்கும் அது பொருந்துகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் என்ற வேறுபாடு இல்லை. தமிழில் எழுதினாலும் விதி அதுவே.

விளம்பரத்தை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் எடிட்டர் செய்து அனுப்பியிருக்கலாம். அது குறிவைப்பது இல்ஃபோர்ட் வாடிக்கையாளரை என்றால், பொறுப்பு இல்ஃபோர்ட் கடைக்காரருடையது. “எடிட்டர் பிழை விட்டுட்டான்” என்பது இங்கே பதில் ஆகாது.

“லண்டனிலேயே மிகக் குறைந்த விலை”

“லண்டனிலேயே அழகான சேலைகள்” என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. அழகு அவரவர் கண்ணில் இருக்கிறது. அது புகழ்ச்சி. “மிகக் குறைந்த விலை” அப்படியல்ல. அது அளந்து பார்க்கக்கூடிய கூற்று. ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, டூட்டிங், ஹேரோ என்று மற்றக் கடைகளின் விலையோடு ஒப்பிட்ட கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். அந்த ஆதாரம் விளம்பரம் வெளியாவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்பது கேப் கோட் விதி. புகார் வந்த பிறகு தேடி எடுப்பது போதாது.

புகழ்ச்சிக்கும் வாக்குறுதிக்கும் உள்ள இந்த வேறுபாடு பழையது. 1891-ல் லண்டனில் ஒரு நிறுவனம் கார்பாலிக் புகை உருண்டை என்ற பொருளை விற்றது. அதைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்ட் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. வாக்கு உண்மைதான் என்று காட்ட வங்கியில் 1,000 பவுண்ட் போட்டிருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். “அது சும்மா விளம்பரம்” என்றது நிறுவனம். 1892-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. “நிரூபித்தால் 1,000 பவுண்ட் பரிசு” என்று ஆவேசத்தில் எழுதுகிறவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

“150 பவுண்ட் சேலை 75 பவுண்ட், இன்று இரவு மட்டும்”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சேலை உண்மையிலேயே 150 பவுண்டுக்கு விற்கப்பட்டதா? சில நாள் பெயருக்கு 150 என்று ஒட்டிவைத்து, பிறகு வருடம் முழுவதும் பாதி விலை என்று கூவினால் அது பொய்த் தள்ளுபடி. பழைய விலைக்கு எத்தனை நாள் விற்றீர்கள், எத்தனை விற்றன என்பதற்குப் பில் இருக்க வேண்டும்.

அடுத்தது, இரவு 12 மணிக்குப் பிறகு விலை உண்மையிலேயே ஏறுமா? சனிக்கிழமை காலையிலும் அதே 75 பவுண்ட் என்றால், அந்த அவசரம் பொய். வாடிக்கையாளர் யோசிக்க நேரமில்லாமல் வாங்கட்டும் என்று போலிக் கெடு வைப்பது, எந்தச் சூழ்நிலையிலும் தவறு என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் செயல்களில் ஒன்று. 2024-ல் வவ்ச்சர் என்ற பெரிய கூப்பன் தளம், ஓடும் கடிகாரம் காட்டி அவசரப்படுத்திய விதத்துக்காகப் போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளாகித் தன் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. இந்த ஆணையத்தைச் சி.எம்.ஏ. என்பார்கள். பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

விலையைப் பற்றி இன்னொன்று. போஸ்ட்டில் 75 என்று காட்டி, பணம் கட்டும் இடத்தில் ‘பேக்கிங் கட்டணம் 4 பவுண்ட்’ என்று சேர்க்கக் கூடாது. தவிர்க்க முடியாத கட்டணம் எல்லாம் முதலில் காட்டும் விலையிலேயே இருக்க வேண்டும். வாட் வரியும் அதில் அடக்கம்.

“5 ஸ்டார் பாராட்டு”

அந்தப் பாராட்டை எழுதியது யார்? மருமகனும் மைத்துனியும் என்றால், நிறுத்திக்கொள்ளுங்கள். 2008 முதல் இருந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் இடத்துக்கு, டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டம் 2024 வந்திருக்கிறது. அதன் நுகர்வோர் பகுதி 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. போலி விமர்சனம் எழுதுவதையும் எழுதச் சொல்வதையும் அது நேரடியாகத் தடை செய்கிறது. வியாபாரி வாடிக்கையாளர்போல் வேடம் போடுவதும் தடைதான்.

“விமர்சனம் எழுதினால் 10 சதவீதம் தள்ளுபடி” என்று கொடுத்தால், அந்த விமர்சனத்திலேயே அது தெரிய வேண்டும். உங்கள் இணையதளத்தில் நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை அழித்துவிட்டால், மிச்சம் இருப்பதும் பொய்ப் படமே. கூகுளும் அமேசானும் 2025-ல் போலி விமர்சனங்களைத் தடுக்கக் கூடுதல் நடவடிக்கை எடுப்பதாகச் சி.எம்.ஏ.வுக்கு உறுதிமொழி கொடுத்தன. ஆகவே மைத்துனியின் 5 ஸ்டாரைப் பிடிக்க அந்த நிறுவனங்களே இப்போது வலை வீசுகின்றன.

“நானே தேடிப் பிடித்த கடை”

யூடியூப் பிரபலத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை, ஒரு சேலைதான் கொடுத்தீர்கள். போதும், அது கூலிதான். பணம், பொருள், இலவசச் சாப்பாடு, கமிஷன், தள்ளுபடி எதுவானாலும், பார்ப்பவருக்கு அது விளம்பரம் என்று உடனே தெரிய வேண்டும். ‘ஆட்’ என்ற சொல்லைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் போடச் சொல்கிறது ஏ.எஸ்.ஏ. “நன்றி”, “கொலாப்”, “ஸ்பான்” போன்ற மழுப்பல் சொற்கள் செல்லாது. காணொளி தமிழில் என்றால் ‘விளம்பரம்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். பார்க்கும் பாட்டிக்கும் புரியும்.

தவறினால் பிரபலத்தோடு கடைக்காரரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லியும் திருந்தாதவர்களின் பெயர்களை ஏ.எஸ்.ஏ. 2021 முதல் தன் தளத்தில் வெளியிட்டு வருகிறது.

சென்னையிலிருந்து ஆளைப் பிடித்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட அதில் வழி உண்டு. வாங்கிய கூலியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டியை இந்திய அரசு 2023 ஜனவரியில் பிரபலங்களுக்கென்றே வெளியிட்டது.

நடிகையின் படமும் சினிமாப் பாட்டும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அது இதுதான். படம் எடுத்தவருக்குப் படத்தின் மீது காப்புரிமை இருக்கிறது. கூகுளில் கிடைத்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. அந்த நடிகையே உங்கள் கடையை ஆதரிக்கிறார் என்று மக்கள் எண்ணும்படி இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். பாடகி ரிஹானாவின் படத்தை அவர் அனுமதியில்லாமல் டீ-ஷர்ட்டில் அச்சிட்டு விற்ற டாப்ஷாப் நிறுவனம், 2013-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டிலும் 2015-ல் தோற்றது. டாப்ஷாப் அந்தப் புகைப்படத்தைப் புகைப்படக்காரரிடம் முறைப்படி வாங்கியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அதுவே காப்பாற்றவில்லை.

பாட்டு விஷயத்தில் பலர் இடறுவது ஒரு நுட்பமான இடத்தில். இன்ஸ்டாகிராமில் தனி ஆள் தன் பிள்ளையின் பிறந்தநாள் காணொளிக்குப் போடும் பாட்டை, கடை தன் வியாபாரக் காணொளிக்குப் போட முடியாது. வியாபாரத்துக்கு என்று அந்தத் தளங்கள் தனி இசைத் தொகுப்பு வைத்திருக்கின்றன. அதற்கு வெளியே போனால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இளையராஜா 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படக்குழுவுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதைத் தமிழ் உலகம் முழுவதும் பேசியது. சேலைக் கடைக்கு அனுப்ப மாட்டார் என்று யார் சொன்னது?

“ஷேர் பண்ணுங்கள், தங்கக் காசு வெல்லுங்கள்”

போட்டி நடத்துவது தவறல்ல. ஆனால் கடைசித் தேதி, யார் கலந்துகொள்ளலாம், எப்படித் தேர்வு, பரிசு என்ன என்பதெல்லாம் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். குலுக்கலைக் கணினி செய்ய வேண்டும், அல்லது கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். பரிசு நிச்சயமாகப் போய்ச் சேர வேண்டும். யாருமே வெல்லாத போட்டி ஏமாற்று. “உங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால்தான் சேர்த்துக்கொள்வோம்” என்பது பேஸ்புக்கின் சொந்த விதிக்கே எதிரானது.

கலந்துகொள்ளக் காசு வாங்கினால் கதையே மாறிவிடும். 5 பவுண்ட் டிக்கெட்டுக்குத் தங்கக் காசுக் குலுக்கல் என்பது 2005-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின்படி லாட்டரி. சொந்த லாபத்துக்காக லாட்டரி நடத்துவது குற்றம். பேஸ்புக் லைவில் நடந்தாலும் குற்றமே.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”

இந்த வாசகம் ஊரில் கடைச் சுவர்களில் தொங்கியது. இங்கே ஒன்லைன் விற்பனைக்கு அது செல்லாது. 2013-ன் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இணையம், வாட்ஸ்அப், பேஸ்புக் லைவ் வழியாக வாங்கியவர், பொருள் கைக்கு வந்த பிறகு 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்த உரிமையை நீங்கள் அவருக்குத் தெரிவிக்காமல் விட்டால், அது மேலும் 12 மாதம் வரை நீளும். அளவெடுத்துத் தைத்த பிளவுசுக்கும் கெட்டுப்போகும் உணவுக்கும் விலக்கு உண்டு.

கடைக்கு நேரில் வந்து வாங்கியவருக்கு, மனம் மாறியதற்காகத் திருப்பித் தர உரிமை இல்லை. ஆனால் பொருளில் பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015 இடம் தருகிறது. எந்தச் சுவரில் எந்தப் பலகை தொங்கினாலும் அந்த உரிமை போகாது.

கலைவிழாப் பதிவேட்டின் 600 எண்கள்

விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை இது. நம் சமூகத்தில் மிகச் சாதாரணமாக நடப்பதும் இதுதான். கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி, பழைய மாணவர் சங்கம், கலைவிழா என்று எங்கோ ஒரு காரியத்துக்குக் கொடுத்த எண், எப்படியோ கடைக்காரர் கைக்கு வருகிறது.

2003-ன் மின்னணுத் தொடர்பு விதிகளின்படி, ஒருவருக்கு ஈமெயிலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ விளம்பரம் அனுப்ப அவர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். சமூக ஊடக நேரடிச் செய்திக்கும் இதே கணக்கு. ஒரு விலக்கு உண்டு. அவர் உங்களிடமே பொருள் வாங்கியபோது, அல்லது வாங்கப் பேசியபோது எண்ணைக் கொடுத்திருக்கிறார். ‘விளம்பரம் வேண்டாம்’ என்று சொல்ல அப்போதே வாய்ப்புக் கொடுத்தீர்கள். அதே மாதிரிப் பொருளைப் பற்றித்தான் செய்தி அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் விலகிக்கொள்ள வழி வைக்கிறீர்கள். இந்த நான்கும் இருந்தால் அனுப்பலாம். கலைவிழாப் பதிவேட்டில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டைக் கொடுத்த அமைப்பும் மாட்டும். ஒரு காரியத்துக்கு வாங்கிய தகவலை வேறு காரியத்துக்குக் கொடுப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது.

இதைக் கவனிப்பது தகவல் ஆணையர் அலுவலகமான ஐ.சி.ஓ. இந்த விதிகளை மீறினால் அபராத உச்சவரம்பு முன்பு 5 லட்சம் பவுண்ட். 2025-ல் இயற்றிய சட்டம் அதை 1 கோடியே 75 லட்சம் பவுண்ட் அல்லது உலக விற்றுமுதலில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை உயர்த்த வழி செய்தது. சின்னக் கடைக்கு அந்தத் தொகை வராது. ஆனாலும் வாடிக்கையாளர் விவரத்தைக் கணினியில் வைத்திருக்கும் பெரும்பாலான வியாபாரங்கள் ஐ.சி.ஓ.வுக்கு வருடக் கட்டணம் கட்ட வேண்டும். சிறிய கடைக்கு 2025 பிப்ரவரி முதல் அது 52 பவுண்ட். கட்டினீர்களா?

இணையதளம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேஸ்புக்கின் பிக்சல் போல, வருகிறவரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டும் நிரலைச் சேர்த்திருந்தால், அது இயங்குவதற்கு முன் வருகிறவரின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும். டான்யா ஓ’கரோல் என்ற உரிமைச் செயற்பாட்டாளர், தன்னைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று மெட்டா நிறுவனத்தின் மீதே லண்டனில் வழக்குத் தொடுத்தார். 2025 மார்ச்சில் மெட்டா இணங்கி வந்தது. பேஸ்புக் முதலாளிக்கே அந்தக் கதி.

சில தொழில்களுக்குக் கூடுதல் வேலி

நகைக்கடை: 1 கிராமுக்கு மேல் எடையுள்ள பொருளைத் ‘தங்கம்’ என்று சொல்லி விற்க வேண்டுமானால், 1973-ன் ஹால்மார்க் சட்டப்படி முத்திரை வேண்டும். அதை லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்ட், எடின்பரோ ஆகிய நான்கு பரிசோதனை அலுவலகங்கள் குத்துகின்றன. “22 கேரட், 916” என்று இன்ஸ்டாகிராமில் எழுதுவதற்கும் இது பொருந்தும். இந்தியாவின் பி.ஐ.எஸ். முத்திரை மட்டும் இருந்தால் இங்கே போதாது.

பியூட்டி பார்லர்: போடோக்ஸ் மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்து. அப்படிப்பட்ட மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது, ஹேஷ்டேக்கிலும் கூடாது. எடை குறைக்கும் ஊசிக்கும் இதே தடை. ஹைட்ரோகுவினோன் கலந்த, தோலை வெளுக்கவைக்கும் கிரீமை அழகுப் பொருளாக விற்பதே சட்டவிரோதம்.

குடிவரவு ஆலோசனை: பதிவு பெறாதவர் “விசா எடுத்துத் தருகிறோம்” என்று விளம்பரம் செய்வதே குற்றம். பதிவைக் கவனிக்கும் அமைப்பு 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற புதுப் பெயரில் இயங்குகிறது.

பணமும் முதலீடும்: நிதித் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்றவர் சரிபார்க்காமல் முதலீட்டு விளம்பரம் செய்தால் 2 வருடம் வரை சிறை. 2023 அக்டோபர் 8 முதல் கிரிப்டோவும் இதில் சேர்ந்தது. அனுமதியில்லாத வர்த்தகத் திட்டத்தைச் சமூக ஊடகத்தில் ஊக்குவித்ததாக 9 பேர் மீது 2024 மே மாதம் எஃப்.சி.ஏ. குற்றம் சாட்டியது.

டியூஷன்: இல்ஃபோர்ட் கவுண்டி, வுட்ஃபோர்ட் கவுண்டி ஆகிய இரண்டு கிராமர் பள்ளிகளைக் குறிவைத்து நடக்கும் பதினொரு வயதுப் பரீட்சை வகுப்புகள் இங்கே ஏராளம். “100 சதவீத வெற்றி” என்றால், எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு வேண்டும். பிள்ளையின் படத்தைப் போடப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

சோதிடமும் வைத்தியமும்: “பிரிந்தவர் 7 நாளில் திரும்புவார்”, “சூனியம் நீங்கும், உறுதி” என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாது. போலி மந்திரவாதிகளுக்கு என்றே 1951-ல் ஒரு சட்டம் இருந்தது. 2008-ல் அதை நீக்கி, சோதிடரையும் சாதாரண நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சேலை விற்பவருக்கு என்ன விதியோ அதுவே சோதிடருக்கும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது 1939 முதல் தனிக் குற்றம்.

அறை வாடகை: “தமிழர்களுக்கு மட்டும்” என்று விளம்பரம் போடாதீர்கள். இன அடிப்படையில் ஆளைத் தள்ளுவது 2010-ன் சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தாலும் இன விஷயத்தில் விலக்கு இல்லை.

இனிப்புக் கடைக்காரர்களுக்கு ஒரு நிம்மதி. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுக்குக் காசு கொடுத்து இணைய விளம்பரம் செய்ய 2026 ஜனவரி 5 முதல் தடை வந்தது. 250-க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. லட்டுப் படத்தைத் தாராளமாகப் போடுங்கள்.

யார் பிடிப்பார்கள், என்ன ஆகும்?

“எல்லாரும் இப்பிடித்தானே போடினம்” என்பதுதான் கடைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். எல்லாரும் போடுவது உண்மை. எல்லாரையும் பார்க்கும் வசதி இப்போது வந்துவிட்டது என்பதும் உண்மை. ஏ.எஸ்.ஏ.வின் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு 2024-ல் மட்டும் 2 கோடியே 80 லட்சம் விளம்பரங்களை அலசியது. யாரும் புகார் செய்ய வேண்டும் என்பதே இல்லை. புகார் செய்ய நினைத்தால் ஒரே ஆள் போதும், செலவும் இல்லை. அந்த ஒரே ஆள் பெரும்பாலும் அடுத்த தெருவில் அதே வியாபாரம் செய்பவர்.

ஏ.எஸ்.ஏ. அபராதம் போடாது. அது அரசுத் துறை அல்ல, விளம்பரச் செலவில் வசூலிக்கும் 0.1 சதவீதக் கட்டணத்தில் இயங்கும் அமைப்பு. ஆனால் தீர்ப்பைக் கடைப் பெயரோடு தன் தளத்தில் வெளியிடும். கூகுளில் உங்கள் பெயரைத் தேடினால் அது வந்து நிற்கும். பணிய மறுப்பவரை வணிகத் தர அதிகாரிகளிடம் அனுப்பும்.

இல்ஃபோர்டில் அவர்கள் ரெட்பிரிட்ஜ் கவுன்சிலில் இருக்கிறார்கள். ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். கடைக்குள் வந்து பார்க்கவும், நீதிமன்றத்துக்கு இழுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நேர்மையற்ற வணிகச் செயலுக்கு வரம்பில்லாத அபராதமும் 2 வருடம் வரை சிறையும் விதிக்கலாம். எல்லாருக்கும் மேலே சி.எம்.ஏ. இருக்கிறது. புதிய சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அது 3 லட்சம் பவுண்ட் அல்லது உலக விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். 2025 நவம்பரில் முதல் சுற்றாக 8 நிறுவனங்கள் மீது விசாரணை தொடங்கியது. டிரைவிங் ஸ்கூல், டிக்கெட் தளம், ஜிம், வீட்டுச் சாமான் விற்பனை என்று எல்லாம் அன்றாட வியாபாரங்கள். விஷயம் மறைந்த கட்டணமும் போலி அவசரமும்.

என்ன செய்யலாம்?

ஒரு கோப்பு வையுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு பக்கம் போதும். சொன்ன விலைக்குப் பில், ஒப்பீட்டுக்குக் கணக்கு, படத்துக்கும் பாட்டுக்கும் அனுமதி, பிரபலத்தோடு செய்த ஒப்பந்தம், எண்ணைக் கொடுத்தவரின் சம்மதம். ஒரு வரிக்கு அந்தக் கோப்பில் காகிதம் இல்லையென்றால், அந்த வரி விளம்பரத்தில் வேண்டாம்.

நிறுவனமாகப் பதிவு செய்தவர்கள் பதிவுப் பெயர், எண், முகவரி மூன்றையும் இணையதளத்தில் போட வேண்டும். முகநூல் பக்கம் மட்டும் வைத்திருந்தாலும், வாடிக்கையாளர் உங்களைத் தேடிப் பிடிக்க ஒரு முகவரியும் ஈமெயிலும் அங்கே இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் வக்கீலிடம் போகுமுன் இலவச வழிகள் இருக்கின்றன. கேப் அமைப்பின் விளம்பர ஆலோசனைக் குழுவுக்கு வாசகத்தை அனுப்பினால், வெளியிடும் முன்பே பார்த்துச் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு வேலை நாளுக்குள். பிசினஸ் கம்பேனியன் என்ற தளம் வணிகத் தர விதிகளை எளிய ஆங்கிலத்தில் விளக்குகிறது. சிறு வியாபாரங்களுக்கு ஐ.சி.ஓ.வில் தனி உதவித் தொலைபேசி இருக்கிறது. ஆங்கிலம் சிரமம் என்றால் வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இருக்கும், பக்கத்தில் உட்காரவையுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த தலைமுறைக்கு இல்ஃபோர்ட் என்பது படச்சுருள் பெட்டியில் இருந்த பெயர். 1879-ல் ஆல்ஃப்ரட் ஹார்மன் இந்த ஊரில் தொடங்கிய தொழில் அது. ஸ்டூடியோக்காரர்கள் பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி இருட்டறையில் பிரித்தார்கள், எழுதியிருந்ததே உள்ளே இருந்தது. நம் சேலைக் கடைக்காரரும் தன் விளம்பரத்தை இப்படி மாற்றி எழுதலாம்: “காஞ்சிபுரம் பட்டு, 75 பவுண்ட், ஞாயிறு வரை. பிடிக்காவிட்டால் 14 நாளில் திருப்பிக் கொடுங்கள்.” சொந்தக் கடையில் சொந்தக் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் போதும். சேலை நல்ல சேலைதானே, அதை இதுவே விற்றுவிடும்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.)